தோண்டாதவன் நிரபராதியா?

அறியாமற் செய்த பிழையைப் பொறுக்க வேண்டும் என்று நம்மவர் கூறுவதுண்டு. நாமும் அதனை மறுப்பவரல்லோம். ஆயின், அறிந்தால் பொறுப்பு வந்து சேருமே என்றஞ்சி அறியாதிருக்க முயல்பவனை எவ்வகையிற் சேர்ப்பது? இவ்வினா கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்ணுக்கு அடியிலிருந்து எழுவதொன்று.

பெட்ரோல் நிலையமும், லாரிக் கொட்டகையும், தோட்டத்து எண்ணெய்க் கிடங்கும் இருந்த இடங்களில் வீடும் கடையும் எழுவது வளரும் நகரங்களுக்கு இயல்பு. மேலே இருந்தவை இடிக்கப்படுகின்றன. கீழே புதைத்த தொட்டியை எல்லோரும் நினைப்பதில்லை. பழைய தொட்டிகளிற் பல, ஒற்றைச் சுவருடைய இரும்புத் தகட்டால் ஆனவை. ஈரமண் இரும்பைத் தின்னும். ஊசிமுனையளவு துளை போதும், ஆண்டுக்கணக்கிற் கசியும். பெட்ரோல் நீரினும் இலேசானதாதலின் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். அதிலுள்ள பென்ஸீனோ நீரிற் கரைந்து, நீர் போகும் வழியெல்லாம் போகும். இரத்தப் புற்றுநோயை விளைக்கவல்ல அப்பொருள், குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அவ்வளவை நாவும் மூக்கும் கண்டுகொள்ளா.

அமெரிக்கா 1984-இல் இத்தொட்டிகளுக்கெனச் சட்டம் இயற்றித் தேடத் தொடங்கிற்று. அதன்பின் உறுதிப்பட்ட கசிவுகள் 5 இலட்சத்துக்கும் மேல். தேடுமுன்னரும் அவற்றுட் பல மண்ணுக்குள் இருந்தனவே!

தேடும் முறை மாயமன்று. முதலில் பழைய வரைபடங்களைப் பார்ப்பர். அவ்விடத்தில் வேலை செய்த முதியோரை விசாரிப்பர். பின்னர்த் துளையிட்டு மண்ணெடுப்பர். குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றிடத்து நீர்மட்டம் கண்டாலன்றி நிலத்தடி நீர் எத்திசை ஓடுகிறதென்று கூறவியலாது. நீரைக் குமிழியும் இராதவாறு கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். குமிழி இருப்பின் பென்ஸீன் அதனுட் புகுந்துவிடும். கெட்ட நீரும் நல்ல நீர்போலக் கணக்குக் காட்டும். இத்துணை எச்சரிக்கையோடு தேடினாலன்றி அகப்படாத பொருள், தேடாதவனுக்கு ஒருபோதும் அகப்படாது. அவனுக்கு வேண்டுவதும் அதுவே.

மலேசியச் சுற்றுச்சூழல் இலாகா 2009-இல் மாசுற்ற நிலத்தை ஆராய்வதற்கும் சீர்படுத்துவதற்கும் வழிகாட்டி நூல்கள் வெளியிட்டது. வழி காட்டினால் மட்டும் மனிதர் நடந்துவிடுவரோ? “துளையிட்டால் குறை தெரியும், தெரிந்தால் நிலத்தின் விலை விழும், ஆகவே துளையிடாதே” என்பது வியாபாரியின் தர்க்கம். செல்வர் மட்டும் இதனைப் பேசினால் நம் வேலை எளிது. வாழ்நாட் சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு சிறு மனை வாங்கிய லாரி ஓட்டுநரும் இதனையே பேசுவார். தொட்டியைப் புதைத்தவர் அவரல்லர். அதனால் ஊதியம் பெற்றவரும் அல்லர். அவரைக் குற்றவாளி என்று கூற நமக்கு வாய் வரவில்லை.

எனினும் இதனை எண்ணுக. அண்டை வீட்டான் அவருடைய மண்ணில் துளையிட முடியாது. அறியும் அதிகாரம் அவர் கையில். அறியாமையின் கேடோ அண்டை வீட்டுக் குழந்தையின் உடம்பில். இந்நிலையில் பாராதிருத்தல் ஒரு செயலே என்பது நம் துணிபு. தொட்டிக்கு அவர் பொறுப்பல்லர், கண்மூடலுக்குப் பொறுப்பாளி. துப்புரவுச் செலவைப் புதைத்தவனிடம் வாங்க வேண்டும். அவன் மறைந்துபோயிருந்தால் பொதுப்பணம் ஏற்க வேண்டும். உண்மை கூறியவன் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றினால் எவனும் உண்மை கூறான்.

“குழாய்நீர் குடிப்போர்க்கு மண்ணடி நீரைப் பற்றி என்ன கவலை?” எனக் கேட்பாருண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஆற்றிற் கழிவு கலந்தபோது, இப்பள்ளத்தாக்கில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. ஆறு கெட்டால் மண்ணடி நீரன்றி வேறேது கையிருப்பு? அன்றியும், பெட்ரோல் ஆவி தரைப் பிளவின் வழியே வீட்டினுள்ளும் ஏறும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறினர்; ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அவர்களது தாய்மண்ணில், சுன்னாகத்தில், அனல்மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளிற் கலந்தது. அங்குக் கசிந்தது பெட்ரோல் நிலையத் தொட்டியன்று; ஆயினும் மண்ணும் நீரும் நடந்துகொண்ட விதம் ஒன்றே. ஓர் அறிக்கைக்கு எதிரறிக்கை வந்தது. மக்கள் காத்துக் கிடந்தனர். 2019 ஏப்ரலில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம், மின்கம்பெனி 2 கோடி ரூபாய் இழப்பீடு தருக எனத் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்துப் பாறை சுண்ணாம்புப் பாறை. இங்குப் பத்துமலையாய் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையும் கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் பொந்துகளோடு பரந்து கிடக்கிறது. பொந்துள்ள பாறையில் ஒரு தெருவிற் புகுந்த நஞ்சு எத்தெருவில் வெளிப்படும் என்று யார் கூறுவர்?

தண்ணீர்த் தூய்மையில் நம்மவர் அக்கறையற்றவர் அல்லர்! 1927-இல் மகாட் குளத்தில் அம்பேத்கரும் அவர்தம் தோழர்களும் நீரருந்தியபின், சாதி இந்துக்கள் பஞ்சகவ்வியம் கலந்து அக்குளத்தைச் ‘சுத்தி’ செய்தனர். மனிதன் கை பட்டதிலே தீட்டைக் கண்ட அந்தக் கூர்மை, இரும்புத் தொட்டி கசிவதிலே மட்டும் எங்குப் போயிற்று? இன்றும் கிள்ளானில் ஒரு வீடு விலைக்கு வந்தால் வாஸ்து பார்க்கிறோம். நல்ல நேரம் குறிக்கிறோம். வாசல் எத்திசை என்று கேட்கிறோம். அம்மண்ணில் முன்னர் என்ன இருந்தது, அடியில் நீர் எத்திசை ஓடுகிறது என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.