கேட்பதும் கையொப்பம் வாங்குவதும்

எரிக்கோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு பார்வையற்றவர். அவருக்கு வேண்டியது பார்வையே என்பதை அங்கு நின்ற எவரும் அறிவர். ஆயினும் ஆண்டவர் இயேசு, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே வினவினார் என்கிறது மாற்கு நற்செய்தி. அறிந்திருந்தும் ஏன் கேட்டார்? நலம் பெறுவோரின் குரலுக்கு முதலில் இடமளிப்பதே மனித மாண்பை மதிப்பதாகும் என்பதனாலன்றோ!

அரசு வகுக்கும் ஊரக வளர்ச்சித் திட்டங்களும் இவ்வினாவைக் கேட்டே ஆக வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்குச் சட்ட அடிப்படை தந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமோ, பணிகளைப் பரிந்துரைக்கவும் அவற்றைச் சமூகத் தணிக்கை செய்யவும் அச்சபைக்கே உரிமை வழங்கியது. சிறிய அமைப்புகள் தாமே செய்யக்கூடியதைப் பெரியவை பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை 11ஆம் பயஸ் 1931இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததும் இந்நெறியையே.

ஒரு மே முதல் நாளில் எங்கள் ஊர்க் கிராம சபைக்குச் சென்றிருந்தேன். தீர்மானங்கள் முன்னரே எழுதப்பட்டிருந்தன. பதிவேடு கைமாறிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் நின்ற கைம்பெண் ஒருவர், தம் தெருவுக்குத் தேவை சிமெண்டுச் சாலையன்று, குடிநீரே என்றார். “அதைப் பிறகு பார்க்கலாம் அம்மா” என்ற விடையோடு கூட்டம் நிறைவுற்றது. நானும் கையொப்பமிட்டேன், வாய் திறக்கவில்லை. சாலை வந்தது. அச்சாலை வழியேதான் அவர் இன்றும் குடம் சுமக்கிறார்.

குற்றம் யாருடையது? அலுவலரைச் சுட்டுவது எளிது. எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பணி தாமதமாகும் என்று அவர்கள் சொல்வதும் முற்றிலும் பொய்யன்று. மக்கள் கேட்பதெல்லாம் சரியாகவே இருக்கும் என்பதும் இல்லை. ஆனால், கேட்டபின் மறுப்பது வேறு. கேளாமலே கேட்டதாக எழுதிக்கொள்வது வேறு. மறுப்பவர் காரணம் கூறக் கடமைப்பட்டவர். கேட்டதாக எழுதிக்கொள்பவரோ பொய்யுரைக்கிறார். அந்தப் பொய்க்கு என் கையொப்பமும் சான்றாயிற்று.

பர்த்திமேயுவை அதட்டி அடக்க முயன்றவர்கள் அரசு அதிகாரிகள் அல்லர். இயேசுவோடு நடந்த திரளில் இருந்தவர்களே. அன்பியக் கூட்டங்களில் ஏழைகளுக்காக மன்றாடும் நாம், கிராம சபையில் அவர்கள் பேசும்போது எங்கே இருக்கிறோம்? அடுத்த சபையில் அந்த அம்மையார் மீண்டும் பேச எழுந்தால், அவர் அருகே எழுந்து நிற்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நிற்க இறைவன் எனக்குத் துணிவு தருவாராக.