காற்றுப்பை வழக்கும் பொறுப்பின் எல்லையும்

செய்யத்தகாததைச் செய்தலும் செய்யத்தக்கதைச் செய்யாமையும் கேடு தரும் என்பது திருக்குறளின் தெரிந்துசெயல்வகை காட்டும் நெறி. ஆயின் ஆங்குச் சுட்டப்பெறும் கேடு செய்வோனுக்குரியது. பிறர்க்கு நேரும் கேட்டிற்குப் பொறுப்பாவார் யார் என்பது வேறு வினா. ஜப்பானிய நிறுவனமாகிய டகாட்டாவின் வழக்கு அவ்வினாவை எழுப்புகிறது.

அதன் காற்றுப்பைகளை விரியச்செய்யும் வாயுவை உண்டாக்கியது அம்மோனியம் நைட்ரேட். வெப்பமும் ஈரமும் பல்லாண்டு தாக்க அது சிதைந்து மிகுவேகத்தில் எரியும். அதனை அடக்கிய உலோகக்கலன் வெடிக்கும். உயிர்காக்க வைத்த கருவியே உலோகத்துண்டுகளைக் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சும். விற்ற நாளில் புலப்படாத குறை இது. ஆதலின் 'அறியாது செய்தோம்' என்னும் விடை ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆனால் சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களுக்கு அளித்ததை 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் டகாட்டாவே ஒப்புக்கொண்டது.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது தண்டத்தொகையின் பங்கீடு. 100 கோடி டாலரில் கார் நிறுவனங்களுக்கு 85 கோடி. காயமுற்றோர்க்கும் இறந்தோர் குடும்பத்தார்க்கும் 12.5 கோடி, எஞ்சியது அபராதம். குற்றம் மோசடி என வகுக்கப்பட்டமையால், பொய்யறிக்கையைப் பெற்ற கார் நிறுவனத்தார் ஏமாற்றப்பட்டோராயினர். காயமுற்றவரோ எவ்வறிக்கையையும் கண்டவரல்லர். (உடம்பில் பட்ட புண் கணக்கில் பின்னிற்பது வியப்பே.) அவர் நம்பியது காரின் பெயரை. அப்பெயர்க்குரியோரும் ஏமாந்தனர் என்பது மெய். எனினும் அம்மெய் டகாட்டாவின் குற்றத்தை மிகுவிக்குமேயன்றி, வாங்கியவர்க்கு அவர்கள் பட்ட கடனைக் குறைக்காது. 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு அளித்தது. அதன் பின்னரும் அக்கலன்கள் வெடித்து இறந்தோர் உளர். அவர்தம் உறவினர் முதலில் வினவுவது காரின்மேல் பொறித்த பெயருடையாரையே.