கல்லில் கோடும் நீரில் கோடும்



திருச்சுழியில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். ஏட்டைத் திருத்த அருகே சென்றால் போதும். இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்வான். நம் கையில் பிரம்பு இல்லை. வீட்டில் பட்ட அடியை அவன் கைகள் மறக்கவில்லை.

அவனுக்காக இரங்கிய நாமே அன்று மாலை, தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்த நம் மகளிடம் சீறினோம். இளமையில் நாம் கேட்டு நடுங்கிய தந்தையாரின் குரல் அது. மகளும் தலையை மூடிக்கொண்டாள்.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தை நம் அன்னையர் சொல்லியா கற்பித்தனர்? தாம் உண்டு காட்டினர். சினமும் அவ்வாறே கண்டு கற்றதாகும். ஆயின் கற்றதை விடவும் இயலும்.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் ஒவ்வொன்றும் நான்கு தரத்தன என்பர் நம் ஆசாரியர்கள். கல்லில் பிளவு போன்ற சினம் அனந்தானுபந்தி, அது ஆறு திங்களையும் கடந்து பிறவிதோறும் தொடரும், நற்காட்சியையே மறைக்கும். நிலத்துப் பிளவு போன்றது ஆறு திங்களுக்குள் ஆறும். கோடையில் வெடித்த இவ்வூர்க் கரிசல் மழை கண்டு மூடுவதைக் காண்கிறோம் அல்லவா? புழுதியில் இட்ட கோடு போன்றது 15 நாட்களில் தீரும். நீரில் இட்ட கோடு போன்றது ஒரு முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள் மறையும். நம் சினம் எத்தரத்தது என்பதை நாமே அளந்துகொள்ளலாம்.

அளக்கும் கருவி பிரதிக்கிரமணம். அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் அமர்ந்து, யாரிடம் சினந்தோம், எதற்காக, எவ்வளவு நேரம் என எண்ணிப் பார்த்தோம். உத்தம க்ஷமை நாளுக்குக் காத்திராமல் மகளிடம் மன்னிப்பும் கேட்டோம். சினம் முற்றும் அகன்றது என்று கூற மாட்டோம். கல் நீராக ஆண்டுகள் பல ஆயின. ஆனால் அவள் தன் பிள்ளைகளிடம் பேசும் குரலில் நம் தந்தையாரின் குரல் இல்லை.

அருப்புக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த குறண்டியில் முற்காலத்தில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி விளங்கிற்று. அப்பள்ளித் துறவியரை, ஆசிரியர், மாணாக்கர், அவர்தம் மாணாக்கர் என வரிசையாக மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சினம் தலைமுறை கடந்து வருவது போலவே பொறையும் வழிவழி வரும். எதனைக் கையளிக்கப் போகிறோம் என்பதை இன்று மாலையே எண்ணிப் பார்ப்போமாக.

அருகன் திருவடி வாழ்க!