அம்பின் விலை

வேட்டையாடுதல் முறையா என்னும் வினா மிகப் பழையது. ஏந்தும் கருவியால் வேட்டை உயர்வடையுமா என்னும் வினா அத்துணைப் பழையதன்று. ஆயினும் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாநிலத்திலும் நமீபியாவின் முட்புதர்க் காடுகளிலும் இவ்வினா இன்று உயிர்களின் மேல் வைத்துச் சோதிக்கப்பட்டு வருகின்றது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வசதி படைத்தோர் பலர் அங்குச் செல்கின்றனர். அவர்தம் கையில் இருப்பது துப்பாக்கியன்று, வில். பெரும்பாலும் அவர்கள் நாடுவது யானையையோ சிங்கத்தையோ அன்று. இம்பாலா, குடு, ஜெம்ஸ்பாக் முதலிய மானினங்களும், மாட்டை ஒத்த நூ என்னும் விலங்கும், வரிக்குதிரையும், வார்ட்ஹாக் என்னும் தந்தமுடைய பன்றியுமே அவர்களின் இலக்கு. இவற்றைச் சமவெளி விலங்குகள் என்று ஒரு சேரக் குறிப்பது வேட்டையாளர் வழக்கு.

துப்பாக்கி மலிந்துள்ள காலத்தில் வில் எதற்கு? அவர்கள் தரும் விடை கேட்பதற்கு இனிதாகவே இருக்கின்றது. துப்பாக்கி ஏந்தியவன் இருநூறு மீட்டருக்கு அப்பால் நின்று விசையை அழுத்துகின்றான். தான் எதனால் வீழ்ந்தோம் என்பதையும் அறியாது விலங்கு மடிகின்றது. வில்லாளனோ முப்பது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். காற்றின் போக்கு, சருகின் ஓசை, மானின் செவி ஆகிய யாவும் அவனுக்குப் பகை. தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொண்டு எதிரிலிருக்கும் உயிருக்குத் தப்பும் வாய்ப்பினை அளிப்பதால் தன் வேட்டையே நேர்மையானது என்பது அவன் வாதம். மனிதன் தன் மேலாண்மையை வேண்டுமென்றே அடக்கிக்கொள்வதில்தான் வேட்டையின் உயிர்நிலை உள்ளது என்னும் பொருள்பட, ஸ்பானிய மெய்யியலாளர் ஓர்தேகா இ காஸெட்டும் 1942 இல் எழுதியிருக்கின்றார். எளிதில் ஒதுக்கிவிடத்தக்க கருத்தன்று இது. வலியவன் தன் வலிமைக்குத் தானே வேலியிடுவதை அறம் என்றுதானே எல்லாச் சமுதாயங்களும் போற்றி வந்துள்ளன!

ஆனால் அந்த வேலிக்குரிய விலையைக் கொடுப்பவர் யார்?

கணக்கொன்றைப் பார்ப்போம். இன்று சஃபாரி செல்வோரிற் பெரும்பாலோர் ஏந்துவது கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில். அறுபது எழுபது பவுண்டு விசையுள்ள அதனினின்று புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 280 அடி வேகத்திற் செல்லும். ஒலியோ விநாடிக்கு 1,100 அடிக்கும் மிகுதியாக விரையும். தொண்ணூறு அடித் தொலைவில் நிற்கும் இம்பாலாவை அம்பு எட்டுவதற்கு மூன்றிலொரு விநாடி ஆகின்றது. நாண் அதிரும் ஓசை அதற்குக் கால் விநாடி முன்பே அதன் செவியை அடைந்துவிடுகின்றது. அந்தக் கால் விநாடியில் அது பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகின்றது. நெஞ்சினை நோக்கி வந்த அம்பு முதுகில் தைக்கலாம். உடல் சுழன்றால் வயிற்றிலும் தைக்கலாம். அம்பு அதிர்ச்சியாற் கொல்வதன்று. கூரிய அலகினால் குருதிக் குழாய்களை அறுத்துக் கொல்வது. நுரையீரலை ஊடுருவினால் சில விநாடிகளில் விலங்கு சாய்ந்துவிடும். வயிற்றிற் பட்டால் பல மணி நேரம் ஆகும்.

ஆகவே வில்லாளன் அளிப்பதாகக் கூறும் வாய்ப்பு இரு முகம் உடையது. முற்றிலும் தப்பிப் பிழைப்பது ஒன்று. அரைகுறையாகத் தப்பிப் புண்பட்டு அலைவது மற்றொன்று. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது. சதுரங்கத்தில் வல்லவன் ஒருவன் தன் காய்களில் ஒன்றை முன்னரே எடுத்து வைத்துவிட்டு ஆடுவானாயின், அதனால் நேரும் இழப்பு அவனுடையது. இங்கோ, தன் கையைத் தானே கட்டிக்கொண்டதன் துன்பம் மற்றோர் உயிரின் வயிற்றில் இறங்குகின்றது. 2015 இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை அடுத்த நிலத்தில் வீழ்த்தப்பட்ட சிசில் என்னும் சிங்கத்தை உலகம் அறியும். முதல் அம்பு பட்டும் அது உடனே சாகவில்லை. பல மணி நேரம் கழித்தே கொல்லப்பட்டது. சிங்கமாதலால் செய்தியாயிற்று. ஓர் இம்பாலாவுக்கு இவ்வாறு நேர்ந்தால் அது கட்டணப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவே. குருதி சிந்திவிட்டால், விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிடினும் முழுக் கட்டணமும் செலுத்தவேண்டும் என்பது அத்தொழிலின் பொதுவான விதி. அவ்விதியைக் குறைகூற மாட்டேன். தொடுத்தவனைச் சற்றே தயங்க வைப்பது அஃதொன்றுதான்.

இந்த இடரைத் தவிர்க்கவே வேறொரு முறை வழக்கிலுள்ளது. மே முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் வறட்சிக் காலத்தில், நீர்த்துறையின் அருகே மறைவிடம் அமைத்து, இருண்ட உட்புறத்தில் கறுப்பாடை அணிந்து காத்திருப்பர். தாகத்தோடு வரும் விலங்கு பதினைந்து இருபது மீட்டரில் தலை தாழ்த்தி நிற்கும்போது எய்வர். குறி பிழைப்பது குறைவு; துன்பமும் குறைவு. ஆனால் முன்பு சொன்ன நேர்மை எங்கே போயிற்று? வாய்ப்பளிக்கும் வேட்டை என்றார்கள். வேறு நீரில்லாத காட்டில் தாகத்திற்கு என்ன வாய்ப்பு உண்டு? நேர்மையைக் கூட்டினால் கொடுமை கூடுகின்றது. இரக்கத்தைக் கூட்டினால் வீரம் கரைந்துபோகின்றது. இம்முரணை அவிழ்த்துக்காட்டிய வில்லாளர் எவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இஸ்லாமிய மார்க்கச் சட்டம் வேட்டையை விலக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஆனால் உயிருள்ளதைக் குறி பார்க்கும் இலக்காக்கிக்கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விளக்கங்களோ வில்லாளனின் மனச்சான்றையே துருவுவன. இறைவன் பெயர் கூறி எய்த பிராணி ஒருநாள் கழித்துக் கிடைத்து, அதன் மேல் தன் அம்பின் காயம் மட்டுமே இருப்பின் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா நீரா என்பது தெரியாதன்றோ! எய்தவன், தன் செயல் எங்கே முடிந்தது என்பதைத் தேடிச் சென்று காணக் கடமைப்பட்டவன் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

இனி, பேணுகை பற்றிய வாதம். வேட்டைப் பணம் இல்லையேல் இவ்விலங்குகளே இரா என்பர். இதில் உண்மை உண்டு. தென்னாப்பிரிக்காவில் புளூபக் என்னும் மானினம் 1800 ஆம் ஆண்டை ஒட்டி அழிந்தது; கடைசிக் குவாகா 1883 இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சியகத்தில் மாண்டது. விலங்கினால் பயனடையும் உரிமையை நமீபியா 1975 இல் நில உடைமையாளருக்கும், 1996 இல் பொது நிலங்களில் வாழும் சமூகத்தாருக்கும் வழங்கிற்று. அதன்பின் அங்கே மந்தைகள் பெருகின. 1977 இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்த கென்யாவிலோ, 2016 வரையிலான காலத்தில் பெருவிலங்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. காரணம் தடை மட்டுமன்று. மேய்ச்சலும் வேலியும் மக்கட்பெருக்கமும் உண்டு. எனினும் தடை காத்துவிடவில்லை. இறைச்சியும் வீணாவதில்லை, வேட்டைக்காரன் கொம்பைக் கொண்டுபோக, ஊனை உள்ளூரார் உண்கின்றனர். இவற்றையெல்லாம் ஒப்புகின்றேன். ஆனால் இவ்வாதம் நிறுவுவது சில விலங்குகள் கொல்லப்படலாம் என்பதை மட்டுமே. கொல்லத்தான் வேண்டுமெனில் விரைந்து கொல்லும் கருவியன்றோ முறை? வில்லை அது நியாயப்படுத்தவில்லை.

வில் விளையாட்டாக மாறிய வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. 1911 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே, யாஹி இனத்தில் எஞ்சிய ஒரே மனிதர் பசியோடு வெளிப்பட்டார். இஷி என்று அவரை அழைத்தனர். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் வித்தை பயின்றார். 1916 இல் காசநோயால் இஷி மறைந்தார். 1925 இல் போப் தம் நண்பர் ஆர்தர் யங் முதலியோருடன் தாங்கனிக்கா சென்று சிங்கங்களை வில்லால் எய்தார். ஆசிரியருக்கு உணவாயிருந்த கலை மாணவருக்குச் சாதனையாயிற்று.

கலஹாரியின் சான் மக்களும் வில்லால் வாழ்ந்தவர்களே. அவர்களின் சிறு வில் அம்பினால் கொல்வதில்லை. வண்டுப் புழுவின் நஞ்சினால் கொல்கின்றது. எய்யப்பட்ட மான் சாவதற்குச் சில வேளை ஒருநாளுக்கு மேலும் ஆகும். வலியை மட்டும் அளந்தால் விருந்தாளியின் அம்பே மேல் என்றும் சொல்லலாம்! வேறுபாடு வலியில் இல்லை, தேவையில் இருக்கின்றது. வேட்டை கைகூடாவிடில் சான் குடும்பம் பட்டினி கிடக்கும். விருந்தாளி விடுதிக்குத் திரும்பி உணவருந்துவான். சுவடறிந்து மானைத் தேடித் தருபவரும் பல இடங்களில் அந்தச் சான் இனத்தவரே.

சட்டமோ இவ்வேறுபாட்டைத் தலைகீழாகவே கண்டிருக்கின்றது. கென்யாவில் சாவோ தேசியப் பூங்கா 1948 இல் அமைக்கப்பட்டபின், தலைமுறை தலைமுறையாக நீள்வில்லால் யானை வேட்டையாடிய வாத்தா இனத்தார் 1950களில் திருட்டு வேட்டைக்காரர்களாகச் சிறை புகுந்தனர். உரிமம் பெற்றோரின் வேட்டை 1977 வரை தொடர்ந்தது. போட்ஸ்வானாவில், சான் மக்கள் வாழ்வதற்கென்றே 1961 இல் ஒதுக்கப்பட்ட மத்திய கலஹாரிக் காப்பகத்திலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அதுவும், வேட்டை உரிமம் மறுத்ததும் சட்டத்திற்கு மாறானவை என்று 2006 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2014 இல் நாடு முழுவதற்கும் வேட்டைத் தடை வந்தது. 2019 இல் விலக்கப்படும்வரை காப்பகத்திற்குள் இருந்த சான் மனிதனின் வில்லுக்கும் அது பொருந்திற்று. பதிவு பெற்ற தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு மட்டும் அத்தடையினின்று விதிவிலக்கு இருந்தது.