துறவியின் அறையும் குடும்பத்தின் வீடும்

சிறிய இடத்தில் நிறைவாக வாழ முடியுமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மடங்கள் வெகுகாலம் முன்பே ஒரு விடை கண்டன. 1084இல் புனித புரூனோ தொடங்கிய கார்த்தூசியன் சபையில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு சிறு வீடு, அதையொட்டி மதில் சூழ்ந்த ஒரு தோட்டம். சாப்பாடு சுவரிலுள்ள திறப்பு வழியாக வரும். செபம், படிப்பு, கைவேலை என்று பகலைத் தனிமையில் கழிக்கும் துறவி, வழிபாட்டுக்காகப் பிறரோடு கூடுவார்.

புளோரன்ஸ் அருகே எமாவில் உள்ள அத்தகைய மடத்தை 1907இல் 19 வயது இளைஞர் ஒருவர் பார்த்தார். பின்னாளில் லெ கொர்புசியே என்று அறியப்பட்ட கட்டடக் கலைஞர் அவர். தனிமையும் கூட்டு வாழ்வும் ஒரே கூரைக்குக் கீழ் அமைய முடியும் என்று அங்கே கண்டது அவர் மனத்தில் தங்கிவிட்டது. 1952இல் மார்செய் நகரில் அவர் கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் 337 வீடுகள். மூன்று தளங்களுக்கு ஒரு நடைவழிதான். அதற்கு மேலும் கீழுமாக வீடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால் பெரும்பாலான வீடுகள் 3.66 மீட்டர் அகலமே கொண்டிருந்தாலும் கட்டடத்தின் கிழக்கு முகத்திலிருந்து மேற்கு முகம் வரை நீள்கின்றன. காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம். ஜன்னலுக்கு வெளியே உள்ள ஆழமான மாடம் கோடையின் உச்சி வெயிலைத் தடுத்து, குளிர்காலத்தின் சாய்ந்த வெயிலை உள்ளே விடுகிறது. மொட்டைமாடியில் மழலையர் பள்ளியும் குழந்தைகள் விளையாட ஆழமில்லாத குளமும் உண்டு.

ஆனால் துறவி தன் அறையைத் தானே விரும்பி ஏற்றவர். குடும்பமோ வருமானத்துக்கு எட்டியதை ஏற்கிறது. தன் தேவையைச் சுருக்கிக்கொள்வது தவம். பிறர் தேவையை அவர்களைக் கேளாமல் சுருக்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த ஆட்சேபம் சரியானதே. இருந்தாலும் மடத்தின் நன்மைகள் எல்லாமே விரதத்தைச் சார்ந்தவை அல்ல. மௌனமும் உடைமை துறத்தலும் விரதம் எடுத்தவருக்கே பொருள் தரும். வெயிலும், சாத்திக்கொள்ளத் தனக்கென ஒரு கதவும், தன் ஜன்னலில் தெரியும் வானமும் எவருக்கும் நன்மையே. மடத்தின் குறுகலை நகரத்துக்குக் கொண்டுவருபவர் இவற்றையும் சேர்த்தே கொண்டுவரக் கடமைப்பட்டவர்.

மார்செய் கட்டடமும் இந்தக் கடமையை முழுதாக நிறைவேற்றவில்லை. 24 மீட்டர் ஆழத்தின் நடுவே சமையலறைக்கும் குளியலறைக்கும் பகல் வெளிச்சம் எட்டாது. நடைவழிகளில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். குழந்தையின் அறை 1.83 மீட்டர் அகலம். லியோன் அருகே லா தூரெத்தில் டொமினிக்கன் துறவிகளுக்காக அவரே கட்டிய மடத்திலும் அறையின் அகலம் இதே 1.83 மீட்டர்தான். எந்த விரதமும் எடுக்காத குழந்தைக்குத் துறவியின் அளவைக் கொடுத்தது கடுமையானது. பக்கத்து அறையோடு சேர்க்க நகரும் தடுப்பு வைத்ததால் அந்தக் கடுமை ஓரளவு தணிகிறது.

பின்னாளில் பல நகரங்களில் எழுந்த மாடி வீடுகள் அந்த நெருக்கத்தை எடுத்துக்கொண்டு, இரு பக்க வெளிச்சத்தை விட்டுவிட்டன. நடுவே ஒரு நடைவழி, இருபுறமும் ஒற்றை முக வீடுகள் என்பது கட்டச் செலவு குறைந்த முறை. வடக்கு அட்சரேகை நாடுகளில் வடக்கு நோக்கிய வரிசையில் வீடு கிடைத்தவர் குளிர்காலம் முழுவதும் தன் அறைக்குள் வெயிலைக் காண்பதில்லை.