தனக்குத் தானே சாட்சி

வேலை தேடப் புறப்படும் இளைஞன் முதலில் செய்ய வேண்டிய காரியம், தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் எழுதுவதாகும். பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் நம் பிள்ளைகள் வழங்கும் அத்தன்விவரக் குறிப்பை அரபு நாடுகளில் ‘ஸீரா தாத்திய்யா’ என்பர். ஸீரா என்றதும் நம் உள்ளத்தில் எழுவது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு அன்றோ! ஒருவர் நடந்து சென்ற வழி என்பதே அச்சொல்லின் பொருள். ‘இவ்வழியே நான் நடந்து வந்தேன்’ என்று ஒரு மனிதன் கையொப்பமிட்டுத் தரும் சாட்சிப் பத்திரமே அந்தத் தாள். அதில் அவன் தன்னை எவ்வளவு புகழலாம், எதனை மறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பவை வெறும் பிழைப்புக்கான கேள்விகள் அல்ல. அறத்தைப் பற்றிய கேள்விகள் என்பதனால் இவற்றை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

தற்புகழ்ச்சி இழுக்கு என்று நாம் குழந்தைப் பருவந்தொட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆயின், அதற்கும் இடமுண்டு என்று வகுத்துச் சொல்கிறது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த வேளையிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்பது அந்நூலின் கருத்து. இன்றைய விண்ணப்பம் அன்றைய ஓலையே. நம்மை அறியாதவர் நடுவில் அமரும் நேர்முகத் தேர்வோ இரண்டாவது இடம். பெயர்களே மாறியிருக்கின்றன.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அரசனிடம் அவர்களே கேட்டார்கள். அப்போது தம்மைப் பற்றிக் கூறியவை இரண்டே தகுதிகள்: பாதுகாக்கும் திறன், அறிவு. தந்தை நபி, பாட்டனார் நபி என்று குலப்பெருமை பேசவில்லை. ஊரே வியந்த அழகைக் குறிப்பிடவில்லை. களஞ்சியத்துக்கு எவை வேண்டுமோ அவற்றை மட்டும் கூறினார்கள். அதற்கு முன்னரே, தம் மீது சுமத்தப்பட்ட பழியை விசாரித்துத் தெளியுமாறு கேட்டு, அது தெளிந்த பின்னரே சிறையை விட்டு வெளியே வந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. முதலில் விசாரணை, பின்பு பதவி என்ற வரிசையை அவர்கள் தாமே விரும்பி ஏற்றார்கள்.

எனவே தன் தகுதியைச் சொல்வது குற்றமன்று. சொல்லும் முறையில்தான் சோதனை இருக்கிறது. அப்பட்டமான பொய்யைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் சேர்க்கைத் துறைக்குத் தலைவராக உயர்ந்த ஒரு பெண்மணி, பெறாத பட்டங்களைப் பெற்றதாகக் கூறியிருந்தது வெளிப்பட்டு 2007ஆம் ஆண்டில் பதவி விலகினார். பெயர் வேண்டா. அவர் அங்கே பணியில் சேர்ந்தது 1979இல். திறமையால் உயர்ந்தவர், மாணவர்களால் மதிக்கப்பட்டவர். எனினும் 28 ஆண்டு உழைப்பும் அந்தச் சில வரிகளால் ஒரே நாளில் சரிந்தது.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. அவர்கள் இடறும் இடம் நுட்பமானது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தத்லீஸ். ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியரிடம் நேரில் கேளாத செய்தியை, ‘அவர் எமக்கு அறிவித்தார்’ என்று துணிந்து கூறமாட்டார். கூறினால் பொய்யராகிவிடுவார். ‘அவரிடமிருந்து’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்பவன் நேரில் கேட்டதாகவே எண்ணிக்கொள்வான். சொல்லில் பொய் இல்லை, ஆனால் கேட்டவன் மனத்தில் பதிந்தது மெய்யன்று.

இனி நம் விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்ப்போம். விசிட் விசாவில் துபாய் சென்று இரண்டு மாதம் வேலை தேடி அலைந்து திரும்பியவன், ‘வளைகுடா அனுபவம் உண்டு’ என்று எழுதுகிறான். மூன்று தாள்களில் தேறாமல் நிற்பவன், ‘பி.காம்., 2019–2022’ என்று எழுதி, தேறினேன் என்றும் சொல்லாமல், தேறவில்லை என்றும் சொல்லாமல் விடுகிறான். கணக்கரின் அருகில் அமர்ந்து ரசீதுகளை அடுக்கிக் கொடுத்தவன், ‘கணக்குப் பிரிவின் பணிகளில் ஈடுபட்டேன்’ என்கிறான். எந்தச் சொல்லையும் பிடித்து இது பொய் எனக் காட்ட முடியாது. படிப்பவன் ஏமாறுகிறானா என்றால், ஏமாறுகிறான். ஏமாற வேண்டும் என்பதற்காகவே அச்சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

வணிகச் சட்டத்திலும் இதே தத்லீஸ் என்ற சொல் வருகிறது. சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கு அங்கே அப்பெயர். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்ததற்காக வணிகரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைக்கலாகாதா என்றே கேட்டார்கள். வேலை கேட்பவனோ வணிகனும் தானே, சரக்கும் தானே என்ற நிலையில் நிற்கிறான். அவனுக்கு எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

இங்கே இளைஞர்கள் எழுப்பும் ஒரு மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ‘எல்லோரும் கூட்டியே எழுதுகிறார்கள். படிக்கும் அதிகாரியும் பாதியைக் கழித்துக்கொண்டே படிக்கிறார். நான் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினால், என் உண்மையிலும் பாதி கழிந்துபோகும். வீட்டில் கடன் இருக்கிறது, திருமணத்துக்குத் தங்கை இருக்கிறாள். நான் என்ன செய்ய?’ என்று கேட்கிறார்கள். இக்கேள்வியில் உள்ள வேதனை மெய்யானது. ஆனால் அவனுடன் அதே வாசலில் காத்திருக்கும் இன்னொருவனை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்வில் தேறியவன், உண்மையிலேயே இரண்டாண்டு கணக்கெழுதியவன், அவனுக்கும் கடனும் தங்கையும் உண்டு. தத்லீஸ் செய்தவன் பறித்துக்கொள்வது முதலாளியின் பணத்தை மட்டுமன்று, பக்கத்தில் அமர்ந்திருப்பவனின் உரிமையையுந்தான். மேலும், பாதியைக் கழித்துப் படிக்கும் வழக்கத்தை அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுத்ததே இத்தகைய விண்ணப்பங்கள் அல்லவா?

இதற்குப் பரிகாரமும் ஹதீஸ் கலையிலேயே கிடைக்கிறது. தத்லீஸ் செய்தவர் அனைவரையும் அறிஞர்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அவர்கள் அவர்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மற்றபடி நம்பகமானவர், ‘அவர் எமக்கு அறிவித்தார்’ என்று தெளிவான வினைச்சொல்லால் கூறினால் அவர் செய்தி ஏற்கப்படும் என்றும் விதி வகுத்தனர். ஆகவே நாம் சொல்வது இதுதான்: வினைச்சொல்லைத் தெளிவாக்குக. ‘நானே செய்தேன்’, ‘உடனிருந்து உதவினேன்’, ‘செய்வதைப் பார்த்துக் கற்றேன்’ என்னும் மூன்றும் மூன்று நிலைகள். மூன்றாவதை எழுதுவதில் வெட்கமில்லை. அதை முதலாவதுபோல் தோன்றச் செய்வதே வெட்கம்.

மறுபக்கத்தில் இன்னொரு குறையும் உண்டு. அது நம் சமுதாயத்தில் மலிந்து கிடக்கிறது. ஏழாண்டு மத்ரஸாவில் ஓதி ஸனது பெற்ற இளைஞர், பின்னர் கணினியோ கணக்கோ கற்று வேலைக்கு எழுதும்போது, அந்த ஏழாண்டை வெற்றிடமாக விட்டுவிடுகிறார். ‘இதை யார் புரிந்துகொள்வார்கள்?’ என்ற கூச்சமே காரணம். அரபு இலக்கணமும், மன்திக் என்னும் தருக்கமும், ஃபராயிள் என்னும் வாரிசுரிமைப் பாகக் கணக்கும் கற்றவர் அவர். பின்னப் பெருக்கலில் கைதேர்ந்தவர். இளைய வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். இவற்றை எளிய தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் எவருக்குத்தான் புரியாது? ஸனது என்ற சொல்லே அறிவிப்பாளர் தொடரையும் குறிக்கும், பட்டத்தையும் குறிக்கும். தொடரின் நடுவில் ஒரு கண்ணியை மறைப்பவர் தம் சாட்சியத்தைத் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார். பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பத்தாண்டு வேலையை விட்டிருந்த தாய், ‘குடும்பப் பொறுப்பில் இருந்தேன்’ என்று ஒரே வரியில் நிமிர்ந்து எழுதலாம்.

அப்படியாயின் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? வேண்டா. தீர்ந்துபோன நோய், வீட்டுத் துயரம், முறிந்த மணவாழ்வு ஆகியவை அப்பணியைத் தொடாதவையாயின் மூடி வைப்பது நாகரிகம், மார்க்கமும் விரும்புவது. இன்னது முன்னே, இன்னது பின்னே என்று வரிசைப்படுத்துவதும் பொய்யாகாது. ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில் ஓவியர் லியொனார்டோ டாவின்சி மிலான் நகரின் ஆட்சியாளருக்கு எழுதிய விண்ணப்பத்தில், பாலங்களையும் போர்க் கருவிகளையும் பற்றி முதலில் அடுக்கிவிட்டு, ஓவியத்தை இறுதியிலேயே சொன்னார். போரை எதிர்நோக்கிய ஆட்சியாளருக்கு எது வேண்டும் என்று அறிந்து எழுதிய வரிசை அது. நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: நம் மௌனமோ வரிசையோ படிப்பவன் மனத்தில் பொய்யான ஓர் உருவத்தை எழுப்புமாயின் அது தத்லீஸ். எழுப்பாதாயின் அது அடக்கம்.

நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாவதும் இந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது. ஹாஃபிழ் தாம் மனனம் செய்ததைத் திரும்பத் திரும்ப ஓதிப் பார்ப்பதுபோல், தான் எழுதியதை வரிவரியாக ஓதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும், ‘எங்கே, எப்போது, எவ்வளவு?’ என்று அந்நியன் ஒருவன் கேட்டால் சொல்லத்தக்க ஒரு நிகழ்ச்சி கையில் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாத வரியை அன்றே அடித்துவிடுவது நல்லது. இந்நாளில் கணினியிடம் சொன்னால் நொடியில் அழகான விண்ணப்பம் எழுதித் தந்துவிடுகிறது. பிழை திருத்தவும் ஒழுங்குபடுத்தவும் அதன் துணையைக் கொள்வதில் தவறில்லை. ஆனால் தன் வாயால் விளக்க முடியாத சொல்லைத் தன் பெயரின் கீழ் எழுதிக்கொண்டு போனவன், அவையில் தன் தாளுக்கே அந்நியனாகி விழிக்க நேரிடும்.

தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது? இமாம் மாலிக் அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட, 32க்குத் ‘தெரியாது’ என்றே விடையளித்தார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு. மதீனாவின் இமாமுக்கு இழுக்காகாத சொல், இருபத்திரண்டு வயது இளைஞனுக்கா இழுக்காகும்? ‘தெரியாது; கற்றுக்கொள்வேன்’ என்று அமைதியாகச் சொல்பவனின் ஏனைய விடைகளுக்கும் அதனால் மதிப்புக் கூடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் வேலை கிடைக்காமல் போகலாம். அதை மறைத்து ஆசை காட்டுவது நமக்கு அழகன்று. ரிஸ்கை அளப்பவன் இறைவன். தாளை எழுதுவது மட்டுமே நம் முயற்சி. ஆனால் உண்மையை எழுதி ஒரு வேலையில் அமர்ந்தவன், பழைய கோப்புகளை எவரேனும் புரட்டிப் பார்க்கும் நாளிலும் தலை குனிய வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுத உட்காரும்போது பெற்றோரும் ஆசிரியரும் அருகில் அமர்ந்து, ‘இந்த வரியைப் படிப்பவர் என்ன நினைப்பார்?’ என்று ஒருமுறை கேட்போமாக. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிவிட்டால், அவர்கள் நாளை எழுதும் கணக்கிலும் போடும் கையெழுத்திலும் அது கூடவே வரும்.