விடியும்வரை உட்காருவது

கைதட்டலையும் டிக்கெட் காசையும் தாண்டி, பார்க்க வந்தவரிடம் எதையாவது கேட்க ஒரு கலைஞருக்கு உரிமை உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து.

காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதத் திருவிழாக்கள் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் தொடங்கும் கூத்து முடிய விடிந்துவிடும். துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்பது முன்னால் கோணி விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று அறிய அங்கே யாரும் வருவதில்லை.

பிறகு எதற்கு வருகிறார்கள் என்பது அர்ச்சுனன் தபசுக் கூத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் படிப்படியாக ஏறுவார். கீழே குழந்தை வரம் கேட்டு ஈரப்புடவையோடு பெண்கள் காத்திருப்பார்கள். அவர் மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் மடியில் ஏந்திக்கொள்வார்கள். மரத்தில் இருப்பவர் தங்களைப் போன்ற ஒரு மனிதர் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏந்துகிறார்கள். இத்தனை பேருடைய வேண்டுதலுக்கு முன்னால் ஒருவர் ஏனோதானோவென்று ஆட முடியுமா? அவருடைய ஆட்டத்தில் பாதியை அந்தப் பெண்கள்தான் ஆட வைக்கிறார்கள்.

இதை வெறும் பக்தி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர் நடப்பைக் கிண்டலடித்தால், கூட்டத்திலிருந்தும் பதில் வரும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த பேச்சைக் கட்டுவார். யார் தூங்குகிறார்கள், எங்கே சலிப்புத் தட்டுகிறது என்பதெல்லாம் ஆடுகளமான களரியில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். மூன்று மணிக்கு மேல் இரண்டு பக்கமும் களைப்பு. கிரீடமும் மரக்கட்டை அணிகளும் கட்டியவருக்குத் தோள் கடுக்கிறது, பார்ப்பவருக்குக் கண் செருகுகிறது. அதையும் மீறி முகவீணையின் ஒலி எழும்பி, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்போது, எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்றாக விழித்திருந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானும் நாடகாசிரியர் ந. முத்துசாமியும் கூத்தை நகரத்தாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தது பெரிய தொண்டு. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குக் கூத்தே ஊற்றாக இருந்தது. ஆனால் அரங்குக்கு வரும் நாம் இரண்டு மணி நேரமாகச் சுருக்கிய கூத்துக்கே கடிகாரம் பார்க்கிறோம். பாதி நேரம் போனில் படம் எடுக்கிறோம். காசு கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்ற நினைப்பு கலைஞரைத் தனியாக விட்டுவிடுகிறது. சுருக்கியது குற்றமில்லை. நம் பங்கைக் கைவிட்டதுதான் குற்றம்.

அடுத்த பங்குனியில் ஏதாவது ஓர் ஊருக்குப் போங்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு விடியும்வரை உட்காருங்கள். காலையில் அரிதாரம் கலைக்கிற இடத்துக்குப் போய், ஆடியவரிடம் இரண்டு வார்த்தை பேசி, முடிந்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.